வென்றோர் முகமும் ஆடிய களமும்

அஞ்சல் முத்திரை அளவிற் சிறியது. அதனை வெளியிடும் உரிமையோ அரசுக்கே உரியது. இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைந்தமையால், ஒரு நாடு எதனைத் தன் நினைவிற்குத் தக்கதெனக் கொள்கின்றது என்பதை அறிய விரும்புவார்க்கு முத்திரை நல்லதொரு சான்றாகின்றது. பெருநூல் ஒன்றிற் பலவற்றைக் கூறலாம். கைவிரல் நுனியளவான தாளில் ஒன்றைத்தான் கூற இயலும். கூறப்பட்ட அவ்வொன்று யாது, அதன்பொருட்டு விடப்பட்டவை யாவை என்று நோக்குதல் கலைத்திறனாய்வின் பாற்பட்டது. வரலாற்று ஆராய்ச்சியின் பாற்பட்டதுமாகும்.

1840 ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரித்தானியா வெளியிட்ட முதல் முத்திரையில் விக்ரோறியா அரசியின் முகம் இருந்தது. 1857 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆந் திகதி இலங்கையில் வெளிவந்த ஆறு பென்ஸ் முத்திரையிலும் அம்முகமே இருந்தது. ஆள்வோர் முகமே முத்திரைக்கு உரியதென்ற அக்காலக் கொள்கை பின்னர் தளர்ந்தது. நிகழ்ச்சிகளும் பெரியோரும் கலைகளும் முத்திரையில் இடம்பெற்றன. விளையாட்டுக்கு அவ்விடத்தை முதலில் அளித்த பெருமை கிரேக்க நாட்டினது. 1896 ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா மீண்டும் தொடங்கப்பெற்றபோது அந்நாடு 12 முத்திரைகளை வெளியிட்டது. பண்டைக் குத்துச்சண்டை வீரரும் வட்டெறிவோனும் தேரோட்டமும் அவற்றிற் காட்டப்பட்டன. அவ்விழாவில் வென்றவர் எவருடைய முகமும் அவற்றில் இல்லை. முத்திரைகள் விழாவுக்கு முன்னரே அச்சாயின என்பது இதற்கு ஒரு காரணம். எனினும் காரணம் யாதாயினும், விளைவு ஆராயத்தக்கது. வென்றவர் இன்றியும் ஒரு விளையாட்டை நினைவுகூர முடியும் என்பதை விளையாட்டு முத்திரைகளின் தொடக்கமே காட்டிவிட்டது.

பின்வந்த முத்திரைகள் இவ்வழியில் நின்றனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுவன ஹொக்கி ஆட்டத்தின் வரலாற்றைப் போற்றும் நினைவு முத்திரைகள். அவற்றுட் கனடா நாட்டின் பனிக்கட்டி ஹொக்கி முத்திரைகளும் இந்தியாவின் வளைகோற் பந்தாட்ட முத்திரைகளும் சிறப்பாக நோக்கப்படும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் திருமுன்றிலில் வெயிலில் நிற்பவர்க்குக் கனடாவின் பனிக்கட்டியோடு என்ன தொடர்பு என்று வினவுவார் உளராகலாம். தொடர்பை உண்டாக்கியது காலம். 1987 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் இவ்வூர் கண்ட பேரிழப்புகளை இங்கு விரித்தல் வேண்டா. போர் நிகழ்ந்த அப்பத்தாண்டுகளில் வாவியின் இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டுக் கனடாவைச் சேர்ந்தோர் உளர். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்தது 2014 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர்ப் படுவான்கரையார் பாதையிலும் தோணியிலும் அத்துறையைக் கடந்த காலத்தில், ரொறன்ரோவிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னரே அதன் உறையிலுள்ள முத்திரையைக் கேட்டு நின்ற சிறுவர் பலர். தந்தையோ தமையனோ வாழும் நாடு எத்தகையது என்பதை அச்சிறுவர்க்கு முதலிற் சொன்னது முத்திரையே. ஆதலின் அம்முத்திரை யாது சொன்னது என்பது நம்மவர்க்கும் உரிய ஆராய்ச்சியாகும்.

பனிக்கட்டி ஹொக்கி, உறைந்த நீரின்மீது சறுக்குக் காலணி பூண்டு ஆடப்படுவது. பந்துக்குப் பதிலாகத் தட்டையான றப்பர் வட்டொன்று வளைகோலால் அடிக்கப்படும். கட்டடத்தினுள் முறையாக நடத்தப்பெற்ற முதல் ஆட்டம் 1875 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆந் திகதி மொன்றியல் நகரில் நிகழ்ந்தது என்பர். எனினும் அவ்வாட்டத்தின் உயிர்நிலை கட்டடத்தில் இல்லை. மாரிக்காலத்தில் ஊர்க்குளம் உறைந்தவுடன் சிறுவர் கோலெடுத்து இறங்குவர். வெயில் ஏறிப் பனி இளகினால் ஆட்டமும் முடியும். நம் வயற்புறங்களில் வேளாண்மை வெட்டி முடிந்தபின் ஒட்டு நின்ற வயலே பந்தடிக்கும் திடலாவதையும், அடுத்த விதைப்பு வந்ததும் அத்திடல் மறைவதையும் அறிந்தோர்க்கு இதனை விளங்குதல் அரிதன்று. களத்தைக் கொடுப்பதும் பருவம்; எடுப்பதும் பருவம்.

இனி முத்திரைகளை நோக்குவோம். கனடா தன் முதல் ஹொக்கி முத்திரையை வெளியிட்டது 1956 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆந் திகதி. விலை 5 சதம், நிறம் இளநீலம். கேலிச்சித்திரத்திற் பெயர்பெற்ற ஜேம்ஸ் சிம்கின்ஸ் அதனை வரைந்தார். அதிற் காணப்படுவோர் ஆட்டக்காரர் என்பதன்றி இன்னார் என்று குறிக்கப்படவில்லை. இன்ன ஆண்டின் இன்ன போட்டி என்ற குறிப்பும் இல்லை. ஒரே நிறத்தில் அச்சான அத்தாளில் அசைவு ஒன்றே பொருளாக நிற்கின்றது. அதனைக் காணும் கனடியச் சிறுவன் ஒவ்வொருவனும் அவ்வாட்டக்காரருள் தன்னையும் ஒருவனாக எண்ணிக்கொள்ளலாம். கொக்கட்டிச்சோலைச் சிறுவனுக்கும் அவ்வுரிமை உண்டு. பெயரிடப்படாமையே அம்முத்திரையின் வாயிலைத் திறந்து வைத்தது.

நாற்பது ஆண்டுகளுள் நிலைமை மாறியது. 1993 ஆம் ஆண்டில் ஸ்ரான்லி கிண்ணத்தின் நூற்றாண்டை முன்னிட்டு முத்திரை வெளிவந்தது. மகாதேசாதிபதியாக இருந்த ஸ்ரான்லி பிரபு 1892 ஆம் ஆண்டில் அளித்து, 1893 ஆம் ஆண்டில் முதன்முறையாக வழங்கப்பெற்ற கிண்ணம் அது. இங்கே நினைவுகூரப்படுவது பரிசு. 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு முத்திரைகள், 1972 ஆம் ஆண்டிற் சோவியத் அணியோடு நிகழ்ந்த எட்டு ஆட்டங்களின் தொடரைப் போற்றின. அத்தொடரின் இறுதி ஆட்டம் செப்ரெம்பர் 28 ஆந் திகதி மொஸ்கோவில் நடைபெற்றது. முடிவுக்கு 34 விநாடிகள் இருந்தபோது போல் ஹென்டர்சன் அடித்த அடியால் 6க்கு 5 என்ற கணக்கிற் கனடா வென்றது. இங்கே நினைவுகூரப்படுவது வெற்றி. 2000 ஆம் ஆண்டிலோ வேன் கிறெற்ஸ்கி, கோர்டி ஹோ, மொறிஸ் றிச்சார்ட், டக் ஹாவி, பொபி ஓர், ஜாக் பிளான்ட் என்னும் அறுவர்க்கு ஆறு முத்திரைகள் வெளிவந்தன. வெளிவந்த நாளில் அவருள் நால்வர் உயிரோடிருந்தனர். இங்கே நினைவுகூரப்படுவோர் வீரர்.

ஆட்டம், பரிசு, வெற்றி, வீரர் என்று இவ்வாறு படிப்படியாக நினைவு குறுகிவந்தமையை இவ்வரிசை புலப்படுத்தும். 1956 இல் நாடு முழுவதற்கும் உரியதாயிருந்த ஆட்டம் 2000 இல் அறுவர்க்கு உரியதாயிற்று. அவ்வறுவரும் பெருந்திறலோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பெருமை முன்னரே செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நிறைந்திருந்தது. யாவரும் அறிந்ததை மீண்டும் அறிவித்தல் விளம்பரமாகும், நினைவாதல் அரிது. நினைவு என்பது மறத்தலுக்கு இடமுள்ள பொருளைப்பற்றியே எழ வேண்டியது.

இந்திய முத்திரைகள் இக்கருத்தை வேறொரு வகையில் தெளிவாக்கும். 1928 ஆம் ஆண்டு தொடக்கம் 1956 ஆம் ஆண்டு வரை ஒலிம்பிக் விழாவில் தொடர்ந்து ஆறு முறை தங்கப்பதக்கம் பெற்ற நாடு இந்தியா. 1960 ஆம் ஆண்டில் உரோமையிற் பாக்கிஸ்தானிடம் இழந்த இடத்தை 1964 ஆம் ஆண்டில் தோக்கியோவில் மீட்டது. சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பீற்றர் அவ்வணியில் ஆடினார். ஆசிய விளையாட்டு விழாவிலோ 1958 இலும் 1962 இலும் பாக்கிஸ்தானே முதலிடம் பெற்றது. 1966 ஆம் ஆண்டு டிசெம்பரிற் பாங்கொக் நகரில் சங்கர் லக்ஷ்மன் தலைமையில் ஆடிய இந்திய அணி, பாக்கிஸ்தானை 1க்கு 0 என்ற கணக்கில் வென்று அவ்விழாவில் தன் முதல் ஹொக்கித் தங்கத்தைப் பெற்றது. விழா முடிந்தது 20 ஆந் திகதி. 15 பைசா விலையுள்ள வெற்றி முத்திரை வெளிவந்தது அதே மாதம் 31 ஆந் திகதி.

பதினொரு நாளில் ஒரு முத்திரை வெளிவருதல் அஞ்சற்றுறையின் விரைவுக்குச் சான்றாகலாம். நினைவின் ஆழத்திற்குச் சான்றாகுமா என்பது ஐயத்திற்குரியது. போர் முடிந்து ஓராண்டே சென்ற காலத்தில் அண்டை நாட்டை வென்ற மகிழ்ச்சி அதன் விரைவிற் கலந்திருந்தது என்று கொள்ளுதல் பிழையாகாது. வெற்றி முத்திரையின் குறை இதுவே. அது வென்றவன் பெயரைச் சொல்லும்போதே தோற்றவன் பெயரையும் சொல்லாமற் சொல்கின்றது. ஆட்டத்தில் தோல்வி ஒரு பிற்பகலோடு முடியும். முத்திரையில் அது முடிவதில்லை.

1980 ஆம் ஆண்டு டிசெம்பர் 3 ஆந் திகதி தியான் சந்தின் உருவம் தாங்கிய 35 பைசா முத்திரை வெளிவந்தது. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் ஆடிய அப்பெருவீரர் 1979 ஆம் ஆண்டு அதே திகதியிற் காலமானவர். வீரர் முத்திரைகளுள் இதனைக் குறைகூறுதற்கு இடம் மிகச் சிறிதே. அவர் ஆடிய காலத்தில் இந்தியா தன் கொடியின்கீழ் ஆடவில்லை. 1936 ஆம் ஆண்டு ஆகஸ்ற் 15 ஆந் திகதி பேர்லின் நகரில் ஜேர்மனியை 8க்கு 1 என்று வென்ற அணிக்கு முத்திரை வெளியிடத்தக்க சொந்த அரசு அன்று இல்லை. காலத்தால் மறுக்கப்பட்ட மதிப்பைப் பின்வந்தோர் ஈடுசெய்தனர். 1980 ஆம் ஆண்டு யூலையில் மொஸ்கோவிற் சென்னை வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா எட்டாவது தங்கத்தைப் பெற்றிருந்தது. அவ்வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன், அதற்கு வழிசெய்த முன்னோனை நினைத்த செயல் பண்புடையது.

மூன்றாவதொரு முத்திரை 1981 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆந் திகதி வெளிவந்தது. பம்பாயில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கிய நாள் அது. விலை 1 ரூபா. யார் வெல்வார் என்பது எவர்க்கும் தெரியாத நிலையில் அது அஞ்சலுறையில் ஏறியது. அடுத்த மாதம் பாக்கிஸ்தான் அக்கிண்ணத்தைப் பெற்றது. முத்திரை அதனாற் பொய்யாகவில்லை. வந்தோர் அனைவரையும் வரவேற்ற முத்திரையாதலின் இன்றும் எந்நாட்டவரும் அதனை மனக்கசப்பின்றி நோக்கலாம். 1966 ஆம் ஆண்டின் முத்திரையோடு இதனை ஒப்பிடுவார்க்கு, முடிவை அறியாமையும் சில வேளைகளில் ஒரு நடுவுநிலைமையே என்பது விளங்கும்.

பெயர்கள் யாவும் வேண்டா என்று இதனாற் கொள்ளலாகாது. பெயர் மறுக்கப்பட்டவர்க்குப் பெயரே நீதியாகும். கனடா அஞ்சற்றுறை 2020 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட முத்திரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹலிபக்ஸ் பகுதியிற் கறுப்பின மக்களின் பப்ரிஸ்து சபையார் 1895 ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு ஹொக்கிக் கழகத்தை அமைத்தனர். தேசிய ஹொக்கிக் கழகம் தோன்றியது அதற்கு 22 ஆண்டுகளின் பின், 1917 இல். அக்கழகத்திற் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாக ஆடியது 1958 ஆம் ஆண்டில். அவர் வில்லி ஓறீ. இடைப்பட்ட காலம் முழுவதும் ஹலிபக்ஸ் ஆட்டக்காரர் பெருவழக்கான வரலாற்றில் இடம்பெறாதிருந்தனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னர் அவரை முத்திரையில் நிறுத்தியபோது, கனடா தன் ஆட்டத்தின் வரலாற்றையே திருத்தி எழுதியது எனலாம். கிறெற்ஸ்கியின் முத்திரை அறிந்ததை அறிவித்தது. ஹலிபக்ஸ் முத்திரை அறியாததை அறிவித்தது. நினைவு முத்திரை என்ற பெயர் பின்னதற்கே முழுதும் பொருந்தும்.

இதுகாறும் கண்டவற்றால் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. விளையாட்டு முத்திரை ஒன்று ஆட்டத்தைப் பலர்க்கும் உரியதாக்குகின்றதா, சிலர்க்கு உரியதாக்குகின்றதா என்று கேட்டல் வேண்டும். மறதியிலிருந்து எதனையேனும் மீட்கின்றதா என்றும் கேட்டல் வேண்டும். இவ்வளவுகோலை ஏந்திக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினால், இந்நாட்டின் பழைய விளையாட்டு ஒன்று கண்முன் நிற்கும். அது கொம்புமுறி.

கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டில் ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த இரு வளைகொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கள் பூட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பர். எக்கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். தோற்றவரை வென்றவர் வசைபாடி நகையாடுவர். மழை பெய்யவும் நோய் நீங்கவும் அம்மன் அருள் வேண்டி நிகழ்த்தப்படுவதாதலின், எக்கட்சி வென்றாலும் பயன் ஊர் முழுவதற்கும் உரியது. தோற்றவன் வயலிலும் அதே மழைதான் பெய்யும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தைப் போற்றி ஆடும் அங்கெளிய என்னும் விளையாட்டும் இதனோடு உறவுடையது. ஒரே தெய்வத்தின் பெயரால் இரு மொழியினரும் ஒரே வகை ஆட்டத்தை ஆடிவந்தமை இத்தீவின் வரலாற்றிற் சிறிய செய்தியன்று.

இவ்விளையாட்டுக்குக் கிண்ணம் இல்லை, பட்டியல் இல்லை, பெயர்பெற்ற வீரரும் இல்லை. கொம்பு முறிந்த ஆண்டுகளை எண்ணி எழுதி வைத்தாரும் இலர். எனினும் அது நினைவு விட்டுச் செல்லாமல் இல்லை. ஆட்டம் நிகழ்ந்த இடத்திற்குக் கொம்புச்சந்தி என்று பெயர் வைத்தனர். தேற்றாத்தீவிற் கோயில்கொண்ட பிள்ளையார் இன்றும் கொம்புச்சந்திப் பிள்ளையார் எனப்படுகிறார். ஆடியவர் பெயர் மறைந்தது. ஆடிய களத்தின் பெயர் நிலைத்தது. கனடாவின் 1956 ஆம் ஆண்டு முத்திரை எக்கொள்கையைத் தாளில் எழுதியதோ, அக்கொள்கையை மட்டக்களப்பார் மண்ணில் எழுதி வைத்தனர்.

கொம்புமுறிக்கு ஒரு முத்திரை வரையப்படுமாயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும்? கொம்பு முறியும் கணத்தை வரைவதே ஓவியனுக்கு எளிதாகத் தோன்றும். அது ஹென்டர்சனின் 34 விநாடியைப் போன்றது. அக்கணத்தில் ஒரு பாதி ஊர் வென்றும் மறுபாதி தோற்றும் விடுகின்றது. அதற்கு முந்திய கணமே உரிய கணம். கொம்புகள் கொளுவி நிற்கின்றன, வடம் இறுகியிருக்கின்றது, இரு பக்கத்தாரும் ஒரே வலியை ஒரே வேளையில் தாங்குகின்றனர். ஊர் ஒன்றாயிருப்பதை அக்கணத்தைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒருங்கே பொறிக்கப்படும் இலங்கை முத்திரைக்கு இதனிலும் இயைபுடைய படம் கிடைத்தல் அரிது.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முகமில்லாத முத்திரையை மக்கள் விரும்பார் என்பது முதலாவது. பெரியோரை முத்திரையில் வைத்தலுக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு என்பது உண்மையே. காரைதீவில் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரை இலங்கை முத்திரையிற் கண்டு மட்டக்களப்பார் மகிழ்ந்தனர். அவர் ஆற்றிய பணி ஒருவர் தம் தனி முயற்சியால் ஆற்றியது. ஆதலின் முகம் பொருந்தும். கொம்புமுறி பலர் கூடி ஆற்றுவது. ஆதலின் முகம் பொருந்தாது. பொருளுக்கு ஏற்ற வடிவம் என்பது இலக்கியத்திற்குப் போலவே முத்திரைக்கும் விதியாகும்.

இரண்டாவது தடை வலிமை மிக்கது. கொம்புமுறி ஒரு சடங்கு. அதனை முத்திரையாக்குதல் தெய்வத்திற்குரியதை அலங்காரப் பொருளாக்குதலாகும் என்பர். இவ்வச்சம் நியாயமானது. ஆடுவார் அற்றுப்போன ஆட்டத்திற்கு முத்திரை வெளியிடுதல் இறந்தவர்க்குப் படம் மாட்டுதலை ஒக்கும். கனடாச் சிறுவர் இன்றும் உறைந்த குளத்தில் ஆடுவதனாலேயே அந்நாட்டு முத்திரைகளுக்கு உயிர் உண்டு. ஆதலின் முதலில் வேண்டப்படுவது ஆட்டம்; அதன் பின்னரே முத்திரை. எனினும் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாதல் கூடும். தன் ஊர் விளையாட்டை அரசின் முத்திரையிற் காணும் மாணவன், அது நாணத்தக்க நாட்டுப்புற வழக்கமன்று என்று உணர்வான். அவ்வுணர்ச்சி உண்டாகிய இடத்தில் வடம் பிடிக்கும் கைகளும் உண்டாகும். கொக்கட்டிச்சோலைத் தேர் வடத்தைப் பிடிப்பவர்க்கு வடம் பிடித்தலைக் கற்பிக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதும் வழக்கம் இன்று அருகிவிட்டது. கனடாவிலிருந்து வரும் செய்தி நொடிப்பொழுதிற் கைப்பேசியில் வந்து சேர்கின்றது. அதில் முத்திரை இல்லை. இந்நிலையில் வெளிவரும் முத்திரைகள் பெரும்பாலும் சேகரிப்போர் பேழைக்கே செல்கின்றன. கூலிச்சான்று என்னும் தொழில் குறையக் குறைய, நினைவுச்சான்று என்னும் தொழிலே முத்திரைக்கு எஞ்சுகின்றது. அத்தொழிலை அது செவ்வனே செய்கின்றதா என்று ஆராயும் பொறுப்பும் அதனால் மிகுகின்றது. பழைய பேழைகளில் உறையோடு வெட்டி வைக்கப்பெற்ற நீலநிற 5 சத முத்திரை எங்கேனும் கிடைக்குமாயின், மாணவர் அதனை உற்று நோக்குவாராக. அதில் ஆடுவோர் யாவர் என்று எழுதப்படவில்லை. ஆட்டம் நடைபெறுகின்றது என்பது மட்டும் எழுதப்பட்டுள்ளது. விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவார் முதலிற் கூற வேண்டியதும் அதுவே.